நான்காம் இயலுக்கு ஒரு வழக்கு

மானிடவியல் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் பொறுப்பை இவ்வாண்டு முதன்முறையாக ஏற்றிருக்கும் உங்களுக்கு, பட்டம் பெறுவதற்குரிய தேவைகளை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தாள்களில் தேர்ச்சி, களத்தில் தங்கியதற்குச் சான்று, குறித்த நாளுக்குள் ஆய்வேடு, வழிகாட்டியின் கையொப்பம், புறத்தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு என எல்லாம் விதிமுறைக் கையேட்டில் இருக்கின்றன. படித்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஆய்வேடு எழுதியவர்களில் ஒருவர்கூட வாய்மொழித் தேர்வில் தோற்றதில்லை என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. ஆனால் அவர்களில் ஒருவருடைய ஆய்வேடு என் பிழையால் நின்றுபோக இருந்தது. அதை அரைகுறையாக அறிந்தவர்கள் துறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வாயால் நீங்கள் கேட்பதைவிட, நடந்ததை நானே முறையாகச் சொல்வது நல்லது.

அறுபதுகளில் நான் மாணவனாக இருந்தபோது என் பேராசிரியர் என் முதல் வரைவைத் திருப்பித் தந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “விதிகளையெல்லாம் எழுதிவிட்டீர், அவற்றின்படி வாழ்ந்தவர், மீறியவர் ஒருவரையாவது காட்டும்.” ஒரு வழக்கையேனும் தொடக்கம் முதல் இறுதி வரை சொல்லாத ஆய்வேட்டில் அவர் கையொப்பமிட்டதில்லை. அவ்வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்ட நான், என் மாணவர்கள் எல்லாருக்கும் நான்காம் இயல் வழக்கு இயல்தான் என்று வைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கஸ்தூரி என்னிடம் வந்தாள். காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடிப் பெண். தந்தை குத்தகைக்கு நெல் விளைவிப்பவர். அவ்வூரிலிருந்து முதுகலைக்கு வந்த முதல் பெண் அவள்தான் என்று சொன்னார்கள். மீனவர் ஊர் ஒன்றில் பிணக்குகளை ஊர்க்கூட்டம் எவ்வாறு தீர்க்கிறது என்பதை அவள் தலைப்பாக எடுத்துக்கொண்டாள். காரைக்கால்மேட்டைத் தாண்டிக் கடலோரத்தில் உள்ள ஓர் ஊரை நான் தேர்ந்து கொடுத்தேன். அவ்வூரின் பெயரை எங்கள் துறையின் மரபுப்படி இங்கும் தவிர்க்கிறேன். நான் நெரவியில் பிறந்தவன், நிலமுள்ள குடும்பம், அந்தப் பகுதியில் எனக்குத் தெரியாதது இல்லை என்று எண்ணியிருந்தேன். கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு கடிதம் பெற்றுக் கொடுத்ததோடு அனுமதி பற்றிய வேலை முடிந்தது என்றும் கருதினேன்.

கஸ்தூரி அங்கே ஒன்பது மாதம் தங்கினாள். கரையில் மீன் ஏலம் கூறும் அஞ்சலை என்ற பெண்மணியின் வீட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் எழுதிய மூன்றாம் இயல் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அவ்வூரில் ஒரு வழக்குத் தீர்ந்ததும், நாட்டார் என்று அவர்கள் அழைக்கும் ஊர்த்தலைவர், கூட்டத்தின் நடுவே வெற்றிலைத் தட்டை வைத்து ‘பேச்சு முடிஞ்சுது’ என்று உரக்கச் சொல்வார். இரு தரப்பாரும் வெற்றிலை எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் அந்த வழக்கைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது. கோபத்தில் சொன்னாலும், குடித்துவிட்டுச் சொன்னாலும், அது முதற் குற்றத்தைவிடப் பெரிய குற்றம். இதை அவள் நான்கு பக்கத்தில் துல்லியமாக எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையால் ‘மிக நன்று’ என்று எழுதினேன்.

எழுதிவிட்டு, அடுத்த வாரமே அவளிடம் நான்காம் இயல் எங்கே என்று கேட்டேன்.

“ஒரு வழக்கு தெரியும் சார். முழுசாத் தெரியும். ஆனா அது முடிஞ்சுபோனது. அதை எழுத வேணாமே.”

“பெயர்களை மாற்றிவிடு. அதற்குத்தான் துறையில் அந்த மரபு இருக்கிறது” என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்து, “வேற ஏதாச்சும் பாக்குறேன் சார்” என்றாள். அவள் தங்கியிருந்த ஒன்பது மாதத்தில் ஊர்க்கூட்டம் தீர்த்தவை எல்லாம் அற்பமானவை. இயலாக விரியக்கூடியது ஒன்றுமில்லை. வழக்கு இல்லாமல் கையொப்பமிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதினாள். அது என்ன வழக்கு என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம், சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்தைப் பற்றியது, பழையது, முடிந்தது. அவ்வளவு போதும்.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து முடித்தாயிற்று. சமர்ப்பிக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, ஊராருக்கு நன்றி சொல்லி விடைபெறுவது முறை என்பதால், கஸ்தூரியோடு நானும் போனேன். ஏலம் முடிந்து கரையில் கூட்டம் கலைந்திருந்தது. படகு நிழலில் சிலர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டார் தேநீர் வரவழைத்தார். எனக்கென்று ஒரு நாற்காலியும் வந்தது.

“எங்க பொண்ணு என்னதாங்க எழுதியிருக்கு? ஒம்பது மாசமா நோட்டும் கையுமாத் திரிஞ்சுச்சே” என்றார் நாட்டார்.

இவ்விடத்தில் ஒரு நல்ல வழிகாட்டி ‘நன்றாக எழுதியிருக்கிறாள்’ என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்திருப்பார். அவ்வூரின் உள்விவகாரம்வரை எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள நான் விரும்பினேன். அவர்களுடைய நியாய முறை உயர்ந்தது என்று தொடங்கி, அதற்குச் சான்றாக அந்தப் பழைய வழக்கை அடையாளம் தெரியும்படி இரண்டு வாக்கியத்தில் சொல்லி, “கவலைப்படாதீங்க, பேரையெல்லாம் மாத்தியாச்சு” என்று முடித்தேன்.

வலை தைத்த கைகள் நின்றன. கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். படகின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், வீட்டை நோக்கி நடந்தார். அவர் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அஞ்சலைதான் முதலில் பேசினார். “கொட்டுன வார்த்தைய எந்த வலையப் போட்டு சாரு அள்ளுவீங்க?”

நாட்டார் என் கையிலிருந்த தேநீர்க் குவளையைப் பார்த்தார். “குடிச்சுட்டுப் போங்க. நாளைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டம். பொண்ணு வரணும்” என்றார். என்னை வரச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் நான் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஊர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அந்த இயலை வைத்துக்கொள்ள முடியாது. அந்த இயல் இல்லாமல் ஆய்வேடு நிற்காது. வெள்ளிக்கிழமை தவறினால் ஓராண்டு போகும். அவளுக்கு ஓர் ஆய்வு நிறுவனத்தில் உதவியாளர் பணி பேசி வைத்திருந்தேன். அவ்வாண்டே பட்டம் முடித்தால்தான் அது அவளுக்கு. இன்னோர் ஆண்டு படிக்கவைக்க அவள் தந்தை உடன்படமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். “இந்த வருசத்தோட சரிங்க” என்று என்னிடமே சொல்லியிருந்தார்.

மறுநாள் அழைப்பில்லாமலே போனேன். கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர் கூடியிருந்தது. பெண்கள் ஒருபுறம் நின்றார்கள். நாட்டாரும் பஞ்சாயத்தார் நால்வரும் நடுவில். கஸ்தூரியை முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

“உங்கிட்ட யாரு சொன்னது?” என்று நாட்டார் கேட்டார்.

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“சொன்னவங்களும் குத்தவாளிதான் தங்கச்சி. பேரைச் சொல்லு. உன்மேல ஒண்ணும் வராது.”

“சொல்ல மாட்டேங்க அய்யா” என்றாள். “அந்த நாலாவது பகுதி முழுசையும் கிழிச்சுடுறேன். சொன்னவங்க பேரை மட்டும் கேக்காதீங்க.”

“கிழிச்சா பாஸ் போடுவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்புறம்?”

“படிப்பு போனா போவுது.”

பின்னாலிருந்து ஓர் இளைஞன், “எழுதுன எல்லாத்தையும் கொளுத்தச் சொல்லுங்க!” என்றான். “உன்னையாடா கேட்டாங்க? உக்காரு” என்று அஞ்சலை அதட்டினார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்களுக்கும் ஒருநாள் தோன்றும். மாணவி களத்தில் தவறிவிட்டாள் என்று துறையில் ஒரு குறிப்பு எழுதினால் போதும். வழிகாட்டியை யாரும் கேட்கமாட்டார்கள். அக்கூட்டத்திலும் என்னை யாரும் கேட்கவில்லை. நெரவியிலிருந்து மீன் வாங்க வந்த முகங்கள் இரண்டு ஓரத்தில் தெரிந்தன. இங்கே நடப்பது இரவு உணவுக்கு முன் என் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும். நான் பேசாமல் இருக்க எல்லா வசதியும் இருந்தது. கஸ்தூரி மட்டும் யார் பெயரையும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். சொன்னவர் பெயரை மட்டுமன்று, எழுதச் சொன்னவர் பெயரையும் அவள் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முன்னால் போனேன்.

“இந்தப் பொண்ணு ரெண்டு தடவை வேணாம்னு சொல்லிச்சுங்க. எழுதுன்னு சொன்னவன் நான். இங்க வந்து வாயை விட்டவனும் நான்தான். முடிஞ்ச பேச்சைப் பேசக்கூடாதுன்னு இது எழுதியிருந்துச்சு. அதைப் படிச்சு ‘நல்லா இருக்கு’ன்னு ஓரத்துல எழுதுனவனும் நான்தான்.”

நாட்டார் என் பக்கம் திரும்பினார். “படிச்சுட்டுத்தான் பேசுனீங்களா?”

“ஆமாங்க.”

“படிக்காதவன் பேசியிருந்தா வேற” என்றார். பஞ்சாயத்தார் நால்வரும் தமக்குள் பேசிக்கொண்டார்கள். “அப்ப குத்தம் சாருது. ஊருக்கு முன்னால விழணும். எங்க ஊர்ல யாரு குத்தம் பண்ணினாலும் அதான். நெரவிக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல.”

எங்கள் குடும்பத்தில் கோயிலைத் தவிர வேறெங்கும் எவரும் தரையில் விழுந்ததில்லை. நான் அன்று சலவை செய்த வெள்ளைச் சட்டையும் முழுக்கால்சட்டையும் அணிந்திருந்தேன்.

“பேண்ட்டுல மணலு ஏறும் சாரு. ஏறுனா ஏறிட்டுப் போவுது, தட்டிக்கலாம்” என்றார் அஞ்சலை. சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உதவியாகவே இருந்தது. விழுந்தேன்.

எழுந்து, மணலைத் தட்டாமல், “பேச்சை முடிச்சுடுங்க” என்று கேட்டுக்கொண்டேன். வெற்றிலைத் தட்டு நடுவில்தான் இருந்தது. நாட்டார் அதைத் தொடவில்லை. கஸ்தூரியிடம் திரும்பினார்.

“தங்கச்சி, உனக்கு எப்ப பரீட்சை?”

“வெள்ளிக்கிழமை நோட்டைக் குடுக்கணுங்க. ரெண்டு மாசம் கழிச்சு பெரிய வாத்தியாரு ஒருத்தரு வந்து நேர்ல கேள்வி கேப்பாரு.”

“எங்க ஊரு நியாயம் ஒண்ணு முழுசா வேணும், இல்லையா? இதோ, இன்னைக்கு நடந்துச்சே. உன் கண்ணு முன்னாலதானே நடந்துச்சு?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. இந்த வழக்கில் குற்றவாளி நான்.

“முடிஞ்ச பேச்சைத்தான் எழுதக்கூடாது” என்றார் நாட்டார். “இது முடியலையே. நான் முடிஞ்சுதுன்னு சொன்னாத்தானே முடிவு? உன் பரீட்சை ஆவட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் எழுது, பேசு. சாரு மட்டும் இந்த ஊருக்குள்ள வந்தா உக்காரக்கூடாது. வழக்கு நடக்குறவங்க நின்னுக்கிட்டுத்தான் பேசணும்.”

“பேரை மாத்தணுமாண்ணே?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது எதுக்கு, மாத்துனாத்தான் தெரியாதாக்கும்!” என்றார் அஞ்சலை. இம்முறை கூட்டம் முழுவதும் சிரித்தது.

மறுநாள் காலை பழைய இயலின் எல்லாப் படிகளையும், கார்பன் படிகள் உட்பட, எடுத்துக்கொண்டு, கரையிலிருந்து எழுந்துபோன அந்த மனிதரின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடி நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. “என்ன காயிதம் சாரு? அப்படி ஒண்ணும் நடக்கலையே” என்றார். முகத்தில் கோபம் இல்லை. தம் ஊரின் விதியை அவர் காத்தார். அவர் மனைவி வந்து காகிதங்களை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே கொண்டுபோய், உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் வைத்தார்.

மூன்று நாளில் கஸ்தூரி புதிய இயலை எழுதினாள். செவ்வாய்க்கிழமை நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“நாட்டார் என்னைக் கேட்டுக்கிட்டிருந்தப்போ நீங்க பின்னால நின்னீங்க சார். எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“அது அவசியமா?”

“நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க. நேரம் எழுதணும்னு.”

சொன்னேன். கேட்ட எல்லாவற்றுக்கும் சொன்னேன். பதினைந்து ஆண்டுகளாக நான் பிறரிடம் கேட்டுவந்த கேள்விகள் எவ்வளவு கூரானவை என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் அறிந்தேன். புதன்கிழமை வரைவு வந்தது. நல்ல வரைவு. ஓரிடத்தில், ‘ஆசிரியர் ஒருவர் தம் நற்பெயரை எண்ணிச் சிறிது நேரம் தயங்கிய பின்னரே முன்வந்தார்’ என்று இருந்தது. அந்த வாக்கியத்தின் மேல் என் சிவப்புப் பேனா நின்றது. வழிகாட்டிக்கு வாக்கியத்தைத் திருத்தும் உரிமை உண்டு, குற்றவாளிக்கு இல்லை. ஒரே ஒரு திருத்தம் செய்தேன். ‘ஆசிரியர் ஒருவர்’ என்பதை அடித்துவிட்டு, ‘இவ்வாய்வேட்டின் வழிகாட்டி’ என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆய்வேடு அலுவலகத்தில் பதிவாயிற்று.

துறைத்தலைவர் படித்துவிட்டு என்னை அழைத்தார். “இதை இப்படியே விடப்போகிறீர்களா? உங்கள் பெயர் என்ன ஆகும்?” என்றார். “கையொப்பமிட்டுவிட்டேன்” என்றேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் கடுமைக்குப் பெயர்பெற்றவர். முதல் மூன்று இயல்களில் அவளை முக்கால் மணி நேரம் வாட்டினார். அவள் ஓரிடத்திலும் சாயவில்லை. பிறகு நான்காம் இயலைத் திருப்பினார். சில பக்கங்களை மீண்டும் படித்தார்.

“இந்த வழக்கின் முடிவு எழுதப்படவில்லையே. முடிவில்லாத வழக்கை எப்படி ஏற்பது?”

“இன்னும் முடியலைங்க சார். முடிஞ்சிருந்தா எழுதியிருக்கவே கூடாது. ஏன்னு மூணாவது இயல்ல இருக்கு.”

“இதில் வரும் வழிகாட்டி...?”

“உங்க பக்கத்துல உக்காந்திருக்காருங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “விதிப்படி நீங்கள் நின்றுகொண்டல்லவா இருக்க வேண்டும்?” என்றார். துறைத்தலைவர் சிரிப்பை அடக்க இருமினார். நான் சிரிக்கவில்லை. “அந்த ஊருக்குள் மட்டும்” என்று பதிலளித்தேன். அவர் தலையசைத்துவிட்டு மதிப்பெண் தாளை எடுத்தார். அந்த ஆண்டு துறையின் முதல் வகுப்பு ஆய்வேடு அதுதான். அடுத்த மாதமே கஸ்தூரி பணியில் சேர்ந்தாள்.

சேர்வதற்கு முன் ஊராரிடம் சொல்லிக்கொள்ள அவளும், வழக்கை முடித்துக்கொள்ள நானும், மீண்டும் அந்தக் கரைக்குப் போனோம். அஞ்சலை அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நாட்டார் வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார்.

“பரீட்சை ஆச்சு. முடிச்சுடலாமா சாரு? ரெண்டு மாசமா நிக்கிறீங்க.”

தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும்; அந்தச் சனிக்கிழமை இல்லாமற்போகும். என் பெரியப்பா வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசினால் இந்த ஊர் சண்டைக்கு வரும். என் பெயருக்கு அதைவிட நல்ல காவல் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு என்னிடம் ஆறு பேர் ஆய்வேடு எழுத வரவிருந்தார்கள். விதியை ஓரத்தில் பாராட்டிவிட்டு, அது தன்னைக் கட்டாது என்று நினைத்த ஆசிரியரைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வது? முடிந்துவிட்டால் நானும் சொல்லக் கூடாது.

“முடிக்க வேணாங்க” என்றேன். “எனக்குப் பசங்க இருக்காங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லணும்.”

“அப்ப நின்னுக்கிட்டே இருக்கணுமே?”

“நிக்கிறேன்.”

நாட்டார் தட்டை உள்ளே அனுப்பிவிட்டார். “உக்காரணும்னு தோணுற அன்னைக்கு வாங்க. தட்டு இங்கதான் இருக்கும்” என்றார்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களை முதல் நாள் அங்கேதான் அழைத்துச் சென்றேன். அவர்களுக்கு நாற்காலி போடுவார்கள். நான் நின்றுகொண்டு இதைச் சொல்வேன். நான் ஏதாவது விட்டுவிட்டால் அஞ்சலை எடுத்துக்கொடுப்பார். உங்கள் மாணவர்களையும் அழைத்துப் போங்கள். வழக்கு இன்னும் நடக்கிறது, தாராளமாகப் பேசலாம்.